ஒற்றை வரிக் கட்டளை

ஆயர் குரோ நகரில் பிளாஸ்டிக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவுக்குத் தலைவர் புவனேந்திரன். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள் ஷாந்தினி ஒருத்திதான். ஆறு வருடமாக சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவள். அவற்றைப் பற்றிப் பேசுவது அவர்.

தினமும் காலையில் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் அவருடைய ‘டிப்ஸ்’ வந்துவிடும். எவனோ எழுதியதை எடுத்து, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்புவார். ‘கம்ப்யூட்டர் ஸ்லோவா? ரீஸ்டார்ட் செய்யவும்.’ அதற்கும் நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஷாந்தினிக்கு வாயில் இருக்கும் கோப்பி கசக்கும்.

சோதனை சர்வரின் திரை பச்சை, நிஜ சர்வரின் திரை சிவப்பு என்று அவள் நிறம் பிரித்து வைத்திருந்தாள். எதையும் முதலில் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பாள். புவனேந்திரன் தன் மடிக்கணினியில் இரண்டையும் கறுப்பாக்கிக்கொண்டார். “தடிக்காவுல ஆனா ஆவன்னா படிக்கிற பிள்ளைங்க மாதிரி கலர் அடிச்சுக்கிட்டு!”

ஒரு புதன்கிழமை பிரிவுத் தலைவர்களுக்கு அவர் வகுப்பெடுக்க ஏற்பாடாகியிருந்தது. அவர் வகுப்பெடுக்கும் நாளில், மழை வரும் என்று குடை எடுப்பதுபோல, ஷாந்தினி எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துவிடுவாள். அன்றும் எடுத்தாள்.

பெரிய திரையில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். முப்பது நாளுக்கு மேலான கோப்புகளை ஒரே வரியில் அழித்துக் காட்டுகிறேன் என்று புவனேந்திரன் கட்டளையைத் தட்டினார். ஷாந்தினி மேல் மூலையில் இருந்த சர்வர் பெயரைப் படித்தாள்.

“அண்ணே, அது டெஸ்ட் இல்ல. லைவ் சர்வர்ணே.”

“சும்மா இரும்மா. எனக்குத் தெரியும் லா.”

“ஒரு தடவ லிஸ்ட் போட்டுப் பாத்துட்டு...”

“பயந்தவங்கதான் லிஸ்ட் போடுவாங்க,” என்று சபையைப் பார்த்துச் சிரித்தபடி என்டரைத் தட்டினார்.

இரண்டு நிமிடத்தில் பேக்கிங் மேற்பார்வையாளர் திலகவதி ஷாந்தினிக்குப் போன் செய்தாள். “லேபல் ஒன்னுகூட பிரிண்ட் ஆகல. ஆளுங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.”

லேபல் வடிவங்கள் எல்லாமே பழைய கோப்புகள், ஒன்றும் மிஞ்சவில்லை. புவனேந்திரன் மவுஸை அங்குமிங்கும் இழுத்தார், அழிந்தது பயந்துபோய்த் திரும்பி வந்துவிடும் என்பதுபோல. ஷாந்தினி தன் இடத்துக்குப் போய்க் காலையில் எடுத்த நகலிலிருந்து மீட்டாள். பதினெட்டு நிமிடம் ஆனது.

அவள் திரும்பி வந்தபோது அவருக்குப் பேச்சு வந்திருந்தது. “பாத்தீங்களா? வேணும்னேதான் அழிச்சேன். ரிக்கவரி எவ்வளவு ஃபாஸ்ட்னு காட்டத்தான் இந்த டெமோ.”

எல்லோரும் கை தட்டினார்கள். ‘புவான்’ என்று ஆபீஸே மரியாதையாக அழைக்கும் மேலாளர் ரம்லா அம்மையார் மட்டும் தட்டவில்லை. இந்த மனிதரிடம் வாய் கொடுப்பதே அவருக்குத் தேவையில்லாமல் செய்யும் மரியாதை என்று ஷாந்தினிக்குப் பட்டது.

பிற்பகலில் ஒரு படிவத்தோடு ரம்லாவின் அறைக்குப் போனாள். நிஜ சர்வரில் புவனேந்திரன் இனிக் கோப்புகளைப் பார்க்க மட்டும் செய்யலாம். எழுதவோ அழிக்கவோ முடியாது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

“டெமோவா அது?” என்று கேட்டார் ரம்லா.

“இல்ல, புவான்.”

“தெரியும்.” கையெழுத்துப் போட்டார். “அவருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?”

“சர்வர்ல அவரு வேல செய்யப் போனா அதுவே தடுக்கும், புவான். அப்ப அவரே வந்து கேப்பாரு. சொல்லிக்கலாம்.”

நான்கு மாதம் ஆகிவிட்டது. அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் ஒரு நாளாவது வேலை செய்திருக்க வேண்டுமே.