செயின் தெரியாத வண்டி

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான்தான். இதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் நல்ல திருப்பமாக இருக்கும், எனக்கும் கொஞ்சம் பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

மரகதத்தை அருவங்காடு குவார்ட்டர்ஸில் கிடத்தியிருந்தார்கள். கணவர் லிங்கசாமி ஓட்டிவந்த வண்டியின் செயினில் துணி சிக்கி, பின்னாலிருந்து விழுந்து இறந்தவர். வாசலில் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் லிங்கசாமியோடு வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள். யாருக்கும் வாயில் பேச்சு வரவில்லை. யாராவது எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நான் சொன்னேன்: "முந்தானையைச் சொருகியிருக்கணும், பாவம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அரை மணி நேரத்தில் அது உள்ளே போய் ஒப்பாரியிலேயே சேர்ந்துவிட்டது. "சொருகாமப் போயிட்டியே தாயீ" என்று பெண்கள் மாரடித்தார்கள். லிங்கசாமி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. எதற்கு நன்றி என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'மூடுபனி கவிந்த மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள்...' அடித்துவிட்டேன். அன்றைக்கு மூடுபனியே இல்லை. மத்தியானம் இரண்டரை மணி, நல்ல வெயில். பழியைப் பனியின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

'லிங்கசாமி நல்ல மனிதர்.' இதுவும் உதவாது. நல்லவர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், ஐந்தாம் பக்கத்தில் ஏதோ செய்யப்போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

'லிங்கசாமியின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.' இது நிற்கிறது. கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

ஐந்தடி இரண்டு அங்குலக்காரர் முன்னூற்றைம்பது சிசி வண்டி வாங்கினார். கோயமுத்தூரிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவருக்கு ஊருக்குப் போகும்போது அதில்தான் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. ஓட ஆரம்பித்துவிட்டால் ராஜா. நிறுத்தினால்தான் வம்பு. சமதரையிலேயே நுனிக்கால்தான் ஊன்றும். எங்கள் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது?

ஒருமுறை பர்லியாரில் டீக்கடைச் சரிவில் நிறுத்தப்போய், வண்டியோடு சாய்ந்துவிட்டார். மரகதம் குதித்துத் தப்பினாள். கடையிலிருந்து ஒருவன், "அண்ணனுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கப்பா" என்றான். கடையே சிரித்தது. மரகதமும் சிரித்துவிட்டாள், அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

[செயின் கவர் பற்றி ஒரு குறிப்பு. இதை எங்கே சொருகுவது என்று தெரியாமல் இங்கேயே வைக்கிறேன். மழையும் ஈரமும் ஓயாத ஊரில் வண்டிச் செயின் வாரத்துக்கு வாரம் துரு ஏறும். லிங்கசாமி ஞாயிறுதோறும் அதைத் துடைத்து எண்ணெய் போடுவார். ஒவ்வொரு தடவையும் கவரைக் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றினார், மாட்டவில்லை. அடுத்த வாரம் எப்படியும் கழற்றத்தானே போகிறோம் என்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சாத்திவைத்தார். செயின் வெறுமையாக ஓடியது. அப்படியே எட்டு மாதம்.]

3

காரமடையில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மலையேறுகிறார்கள். கிளம்பும்போது வழக்கமான கேள்வி: "சொருகிட்டியா?" வழக்கமான பதில்: "சொருகிட்டேனுங்க."

கீழேயிருந்து மேலே வருகிறவர்கள் எல்லாரும் பர்லியாரில் நிறுத்துவார்கள். ஒரு டீ, ஒரு ஸ்வெட்டர். அதற்குமேல் குளிர் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். லிங்கசாமி நிறுத்தவில்லை. அதே டீக்கடை, அதே சரிவு.

"ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க. குளுருது. சால்வையைப் போட்டுக்கறேன்."

"உக்காந்தபடியே போட்டுக்க. பையிலதான இருக்குது?"

அவள் போட்டுக்கொண்டாள். சால்வையின் ஒரு முனை

இந்த வாக்கியத்தை இதுவரை பதினோரு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். முடிக்க மாட்டேன். அவள் சொருகியிருந்தாள். முந்தானையைத்தான் அவர் கேட்டார். சால்வையை யாரும் கேட்கவில்லை.

4

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? லிங்கசாமியே சொன்னார். போன மாதம் கேன்டீனில் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க தேவநேசன், சின்ன வண்டியா ஒண்ணு பாக்கோணுங்க. செயின் முழுசா மூடுனது. கையே வெக்கவேண்டாத மாதிரி."

மகள் உஷாவுக்கு ஓர் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. காலையில் அந்த வழிக்குப் பஸ் கிடையாது. இவர்தான் கொண்டுபோய் விட வேண்டும்.

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுங்களா? ஏன் சின்னது, ஏன் மூடுனதுன்னு அவ கேட்டா நான் என்ன சொல்றதுங்க?" அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடை, டிரம், சால்வை. "நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க பாருங்க, அதைப் புடிச்சுக்கிட்டேனுங்க. பொண்ணுகிட்டயும் அதையேதான் சொன்னேன். பின்னாடி உக்கார வெக்கறதுக்குள்ள சொல்லிப்போடணும். வாய் வர மாட்டேங்குதுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலம் வந்தா தன்னால வரும்" என்றேன். அட, எனக்கு எதற்கு இந்த வாய்!

5

உஷாவை எழுத எனக்கு வரவில்லை. எழுதிய முதல் மூன்று பிரதிகளில் அவளை அழவிட்டேன். நிஜத்தில் அவள் அழாத பெண். இருபது வயது. குன்னூரில் வண்டிக் கடைக்கு எங்களோடு வந்தவள், வண்டிகளைச் சுற்றி வந்து காய்கறி பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைக்காரர் செல்லதுரை ஒரு நூறு சிசி வண்டியைக் காட்டினார். லிங்கசாமி ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிந்தன. அவர் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"செயினைக் கண்ணுலயே பாக்க முடியாதுங்க" என்றார் செல்லதுரை. "முழுக்க மூடியிருக்குது. மழை, சேறு எதுவும் உள்ள போகாது. எப்பவாச்சும் இந்த ரப்பர் மூடியக் கழட்டி, தொங்குதான்னு விரலை விட்டுப் பாருங்க, அது போதும். சேலை, சால்வை எதுவும் சிக்காதுங்க." பிறகு பழக்கதோஷத்தில் கேட்டார்: "பழைய வண்டியில கவர் இல்லீங்களா?"

"இருந்துச்சு" என்றாள் உஷா. "ஊட்ல இருக்குது. ஒரு கீறல்கூட இல்லைங்க."

செல்லதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். வண்டியைத் தெருவில் இறக்கி ஸ்டார்ட் செய்தார்கள். உஷா தோளில் சால்வையோடு பின்னால் ஏறினாள். லிங்கசாமிக்கு நாக்கு முந்திக்கொண்டது. ஒரு வருஷமாகக் கேட்காத கேள்வியைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"சொருகிட்டியா?"

"அம்மாவும் சொருகித்தான இருந்தாங்க?"

அவர் கை ஆக்சிலேட்டரில் அப்படியே நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரில துணிப்பையை என்கிட்டத்தான் குடுத்தாங்க. பட்டுச்சேலையில ஒரு நூல் பிரியலைங்கப்பா. முந்தானைல ஊக்கு குத்துனது குத்துனபடியே இருந்துச்சு. சால்வைதான் பாதி இல்லை. எல்லாரும் அம்மாவையே சொன்னாங்க. நீங்களும்தான் சொன்னீங்க. நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு ஒரு வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு என்னையும் ஒரு தடவை பார்த்தாள்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

ஒன்றில் லிங்கசாமி இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்கிறார். உஷா இறங்கவில்லை. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த முடிவு. எனக்கும் பிடிக்கும், அதனாலேயே அதன்மேல் சந்தேகம்.

இன்னொன்றில் சத்தத்தில் காது கேட்காதவர்போல் கியரைப் போட்டுக் கிளம்பிவிடுகிறார். அவள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தினமும் காலையில் அப்படியே. (இது எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் நடப்பது. வண்டிகூடத் தேவையில்லை.)

மூன்றாவதில் அவள் இறங்கி நடக்கிறாள். அவர் கால் நன்றாக ஊன்றிய வண்டிமேல் நடுத்தெருவில்

நடந்தது எதுவென்று எனக்குத் தெரியும். மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஆனால் எழுதப்போவதில்லை. ஒருமுறை அந்தக் குடும்பத்தின் வாசலில் யாரும் பேசாமல் இருந்தபோது பொறுக்கமாட்டாமல் ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டவன் நான். செத்துக் கிடந்தவளின் தலையில் அது விழுந்தது. உயிரோடு இருந்தவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். இன்னொன்றைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. செயின் தெரியவில்லை. அவருடைய இரண்டு கால்களும் தரையில் இருக்கின்றன. அவள் காத்திருக்கிறாள். யாருக்கும் வாயில் பேச்சு வரவில்லை.

உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. யாராவது எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். சொல்லுங்கள்.