மடி கொடுக்க மறுத்த மாமன்

"அண்ணே" என்று செல்லாயி கூப்பிட்டதும் பிச்சைமுத்து பதறிப்போனான்.

சும்மா கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை. ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் யாரும் யாரையும் அண்ணே என்பதுதான். இவளோ மகள் காளியம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "ஞாயித்துக்கிழமை பிள்ளைக்குக் காது குத்துறோம்ணே. எங்கூடப் பொறந்தவன் ஊர்ல கெடக்கான், கடல் தாண்டி எங்க வரப்போறான்? நீங்கதான் தாய்மாமனா ஒக்காந்து மடி குடுக்கணும்லா" என்றாள்.

"நானா? என்னைய எதுக்கு?"

"வேற யாரக் கேப்பேன்? தெனமும் எங்க வீட்டுக்குத் தண்ணி தூக்கிக் குடுக்கிறீங்க, வெறகு பொளந்து போடுறீங்க. சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

அடப் பாவமே! அவன் தண்ணீர் தூக்கியது எதற்கென்று தோட்டம் முழுக்கத் தெரியும். கித்தா என்கிற ரப்பர் மரத்துக்குக் காதிருந்தால் அதற்கும் தெரிந்திருக்கும். செல்லாயிக்கு மட்டும்தான் தெரியவில்லை. அந்த வீட்டில் அவளுடைய தங்கை நவமணி இருந்தாள். விடிகாலையில் தலையில் முண்டாசும் கையில் பால் வாளியுமாக நவமணி காட்டுக்குள் நடந்தால், பக்கத்து நிரையில் பாலெடுக்க மரப்பட்டை சீவும் பிச்சைமுத்துவுக்குக் கத்தி பட்டையில் நிற்காது, கட்டைக்கே போய்விடும். அதற்காகக் கங்காணியிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

செல்லாயிக்கு அண்ணன் என்றால் நவமணிக்கும் அண்ணன். ஊர் கூடிப் பார்க்க மடி கொடுத்த தாய்மாமன், அந்தப் பிள்ளையின் சித்தியையே போய்ப் பெண் கேட்க முடியுமா? தோட்டமே காறித் துப்பாதா?

முடியாது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாளே! அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இருந்தால் அவன் எதற்கு மாதக்கணக்காகத் தண்ணீர் தூக்குகிறான்? "சரி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, தன் வாயில் தானே அடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே கஸ்பாரைத் தேடி ஸ்டோருக்கு ஓடினான். கஸ்பார் அங்கே ரப்பர் தகடுகளைப் புகை போடுகிறவர். அக்காளும் தங்கையும் வந்த கப்பலில்தான் அவரும் வந்தார். கப்பலில் செல்லாயி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது, தன் கஞ்சியையும் எலுமிச்சங்காயையும் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தவர் அவர். ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி என்பது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற வழக்கம். பிச்சைமுத்து வந்தது வேறு கப்பல். அதற்காக அவன் சாமிக்கு எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறான்.

விஷயத்தைச் சொல்லி, தனக்குப் பதில் மடி கொடுக்கச் சொன்னதும் கஸ்பார் தோள் குலுங்கச் சிரித்தார். "டேய், நான் வேதக்காரன்டா. முனியாண்டி கோயில் முன்னால நான் எப்படிடா ஒக்கார்றது?"

"பிள்ளைய மடியில வெக்காதேன்னு எந்தச் சாமிண்ணே சொல்லும்?"

கஸ்பார் தாடையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். செல்லாயிகிட்டச் சொல்லிட்டியா?"

"நீங்க வந்து நின்னா தானா வெளங்கிரும்லா."

"நல்ல ஆளுடா நீ! அன்னைக்குக் காலையில ஈப்போ மாதா கோயில்ல பூசை இருக்கு. முடிஞ்சதும் ரயிலேறி வந்துருறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் முன்னால் பாய் விரித்தாகிவிட்டது. ஈப்போவிலிருந்து முதல் நாளே வந்து தங்கிய ஆசாரி, ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கஸ்பாரைத்தான் காணோம். தஞ்சோங் ரம்புத்தான் ஸ்டேஷன் பக்கம் ரயில் புகை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிச்சைமுத்துவின் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

"நல்ல நேரம் போகுது. மாமன் எங்கப்பா?" என்றார் ஆசாரி.

செல்லாயியின் புருஷன் மாயாண்டி பிச்சைமுத்துவின் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான். காளியம்மாவை மடியில் இறக்கினார்கள். அவள் திரும்பி அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். ஊசி காதருகே வந்தது. அவ்வளவுதான், பிள்ளையோடு துள்ளி எழுந்துவிட்டான்.

"நிறுத்துங்க! நான் மடி குடுக்கமாட்டேன்!"

செல்லாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாங்க என்ன கொறை வெச்சோம்ணே? நாலு பேர் முன்னால இப்படிப் பண்ணிட்டீங்களே."

அவளை அழவைத்துவிட்டோமே என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றான்.

பொரிகடலைத் தட்டோடு நின்ற நவமணி, தட்டைப் பொறுமையாகக் கீழே வைத்தாள்.

"அழாதக்கா. கஸ்பார் அண்ணன் வருவாரு, எங்கிட்டச் சொல்லியிருக்காரு, அவரு மடி குடுப்பாரு. இவரு வேணாம்."

"ஏன்டி? இவரு மாமன் இல்லையா?"

"இல்ல. பிள்ளைய இவர சித்தப்பான்னு கூப்பிடச் சொல்லு."

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்கள் பக்கம் கிளம்பிய குலவைச் சத்தத்தில் ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டார். பிச்சைமுத்து அசடு வழிய நின்றான்.

செல்லாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி தூக்குனது இதுக்குத்தானா? நான் ஒரு மக்கு! மனுசன் வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்நேரம் பார்த்துக் கஸ்பார், கையில் துணிப் பொட்டலத்தோடு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "ரயிலு லேட்டு! என்ன, விஷயத்தச் சொல்லியாச்சா?"

"நீங்க ஒக்காருங்கண்ணே மொதல்ல" என்று செல்லாயி அவரைப் பாயில் உட்கார வைத்து, பிள்ளையை அவர் மடியில் இறக்கினாள்.

ஊசி இறங்கியது. காளியம்மா போட்ட கூச்சலில் முனியாண்டியே திரும்பிப் பார்த்திருப்பார். கஸ்பார் சர்க்கரையை வாயில் போட்டார், அவள் துப்பினாள். புதுச் சட்டையைக் காட்டினார், அவள் தட்டிவிட்டாள். கண்ணும் மூக்கும் ஒழுக இரண்டு கையையும் பிச்சைமுத்துவை நோக்கி நீட்டி, சற்று முன் காதில் விழுந்த அதே வார்த்தையைச் சொல்லி வீறிட்டாள்.

"சித்தப்பா!"

அவன் ஓடிப்போய் அள்ளித் தூக்கிக்கொண்டான்.