மூன்றாவது கேட் சைக்கிள்

தாவீது நீச்சல் குளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்தபோது அவனுடைய சைக்கிள் அங்கே இல்லை. மெயின் கேட்டுக்கு உள்ளே போட்டிக்காக நட்டிருந்த குழாய்களில் சாய்த்த சைக்கிள்களில் பாதி ஏற்கெனவே போயிருந்தன. மீதி இருந்தவை எல்லாம் கேரியரும் மட்கார்டும் இல்லாத, ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிள்கள். அவன் எண்ணான நூற்றுப் பதினேழு எழுதியிருந்த இடம் காலியாகக் கிடந்தது. டியூப் சுற்றிய கேரியரோடு அத்தனை கனமான இரும்பு எங்கே போயிருக்கும் என்று, மோதிரத்தைத் தொலைத்தவன் போலக் குனிந்து தரையைப் பார்த்தான். ஷூ இருந்த பையை ஹேண்டில்பாரில்தான் மாட்டியிருந்தான். அதுவும் போயிருந்தது. "பூட்டக் கூடாதுங்க, அதான் ரூல். இங்க யார் எடுக்கப் போறாங்க?" என்று எச்.ஆர். அதிகாரி ஸ்ரீப்ரியா காலையில் சொன்னது ஈரக் காதுகளுக்குள் கேட்டது.

நான்கு மாதங்களுக்கு முன்னால் கேன்டீன் சுவரில் ஒட்டிய நோட்டீஸை அவன் மூன்று நாள் நின்று படித்தான். நீச்சல் நானூறு மீட்டர், சைக்கிள் இருபது கிலோமீட்டர், ஓட்டம் ஐந்து கிலோமீட்டர். கம்பெனியில் வேலை செய்யும் அனைவரும் கலந்துகொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களின் பெயர்கள் மெயின் கேட் பலகையில் எழுதப்படும். அந்தக் கடைசி வரிதான் அவனைப் பிடித்து நிறுத்தியது. பேக்கிங்கில் பதினோரு வருடம். கான்ட்ராக்டர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் புது ஆளாகச் சேர்ந்து புது நம்பர் வாங்கினான். கம்பெனிக்குள் அவன் பெயரை எழுதிய ஒரு காகிதத்தை அவன் பார்த்ததில்லை. பெயர் கொடுக்கப் போனபோது ஸ்ரீப்ரியா, "நீங்க கான்ட்ராக்ட் இல்லையா?" என்றாள். "அனைவரும்னு போட்டிருக்கீங்க மேடம்" என்றான். அவள் நோட்டீஸை எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்த மாலைகளில் கவரைப்பேட்டை ஏரியில் நீந்தினான். கரையில் துணி அலசிக்கொண்டே அவன் மனைவி ஆரோக்கியமேரி கேட்டாள், "எரும கணக்கா தண்ணியில கெடக்கறதுக்கு மெடல் வேற குடுக்கறாங்களா?" ஆனால் கால்சட்டைக்கு நாடா மாற்றித் தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

இப்போது அந்தக் கால்சட்டையோடு அவன் கேட்டுக்கு ஓடினான். ஆறரைக்குத்தான் டூட்டி மாற்றியிருந்த காவலாளி கலியன், இவன் தெருக்காரன், விறைப்பாக நின்றிருந்தான்.

"கலியா, என் சைக்கிளப் பாத்தியா?"

"நான்தாண்ணா தள்ளிக்கினு போயி மூணாவது கேட்டுல வுட்டேன். நீ இன்னா நெனப்புல அதிகாரிங்க வண்டிங்ககூட வெச்சுட்டுப் போன? எவனாவது பாத்துட்டு மெமோ குடுத்துட்டா?" சொல்லிக்கொண்டே வந்தவன், தாவீதின் வெற்று மார்பையும் தோளில் மையால் எழுதிய எண்ணையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தான். "அய்யோ, நீயும் இதுலயா?"

"நம்பர் ஒட்டியிருந்துச்சேடா!"

"உம் பொண்ணு ஏஞ்சல் பாப்பாவுக்கு ஸ்கூல்ல குடுத்த ஸ்டிக்கர்னு நெனச்சேண்ணா."

மூன்றாவது கேட் சுற்றுச்சுவரை ஒட்டி முக்கால் கிலோமீட்டர். கான்ட்ராக்ட் ஆட்கள் நுழையும் வழி. ஜல்லி பெயர்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓடியபோது முதல் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "இன்னா தாவீதண்ணே, எவ ஊட்டுக்காரன் தொரத்தறான்?" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் எரிந்தது. கலியன்மேல் கோபப்பட முயன்றான், முடியவில்லை. கான்ட்ராக்ட் ஆள் மெயின் கேட்டில் நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கலியனுக்குத் தெரியும். தனக்கும் தெரியும். காலையில் அந்தக் குழாயில் சைக்கிளைச் சாய்த்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று தானே சுற்றிப் பார்த்ததை அவன் நினைத்துக்கொண்டான். திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை. தன்மேல் பிரியமுள்ள ஒருவனுக்கும் அந்தச் சைக்கிள் அங்கே நின்றது தப்பாகத்தான் பட்டிருக்கிறது. இப்படிப் பார்க்க அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? இந்தக் கேள்வி ஜல்லியைவிட ஆழமாகக் குத்தியது.

தகரக் கொட்டகையில், நூறு சைக்கிள்களுக்கு நடுவே, அது தன் வழக்கமான இடத்தில் நின்றிருந்தது. கலியன் பத்திரமாக ஸ்டாண்டு போட்டு வைத்திருந்தான். பை அப்படியே இருந்தது.

பதினோரு நிமிடம் போயிருந்தது. அதன்பிறகு அவன் எதையும் யோசிக்கவில்லை. சிப்காட் சாலைகளில் லாரிப் புகைக்கு நடுவே நான்கு சுற்று மிதித்தான். இரண்டு பேரை முந்தினான். அதில் ஒருவர் இவனையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சூப்பர்ங்க" என்றார். சைக்கிளைப் பழைய குழாயிலேயே சாய்த்துவிட்டு ஓடத் தொடங்கியபோது தொடைகள் கல்லாகியிருந்தன. கடைசிக் கிலோமீட்டரில் குதிகாலில் ஒட்டிய ரத்தம் ஷூவுக்குள் வழுக்கியது. நிற்கவில்லை.

அவன் வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவு பாதி சரிந்து தரையில் கிடந்தது. இரண்டு பேர் அதை மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் ஏறிக் கோட்டைத் தாண்டினான்.

ஸ்ரீப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி நாலு நிமிஷம். முடிச்சதே பெரிய விஷயம்ங்க."

"பலகையில எம் பேரு வருமா மேடம்?"

"கட்‌-ஆஃப் தாண்டிடுச்சே. சைக்கிள் விஷயம் கேள்விப்பட்டேன், சாரி. ஆனா ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

தாவீது குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்து அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணுன்னா, என் வண்டி எதுக்கு மேடம் அங்க போச்சு?"

அவள் கேட்டருகே நின்ற கலியனைப் பார்த்தாள். கலியன் தரையைப் பார்த்தான். "அவன ஏன் மேடம் பாக்கறீங்க?" என்றான் தாவீது. அவன் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. வளைவை மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அவன் நொண்டிக்கொண்டே போய்ச் சைக்கிளை எடுத்தான். மூன்றாவது கேட் பக்கம் திருப்பவில்லை. மெயின் கேட்டை ஒட்டி, பெயர்கள் எழுதுவதற்காகப் புதிதாக வெள்ளையடித்து நிறுத்திய பலகையின் இரும்புக் காலருகே தள்ளிக்கொண்டு போனான். பூட்டக் கூடாது என்றதால் காலையில் பைக்குள் போட்டிருந்த சங்கிலியை எடுத்து, சக்கரத்தையும் பலகையின் காலையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.

"அண்ணா, நாளைக்கும் காலையில நான்தாண்ணா இங்க டூட்டி" என்றான் கலியன், மெதுவாக.

"தெரியும்டா."

சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவன் ரயிலடிப் பக்கம் நடந்தான். கலியன் தள்ளிக்கொண்டு போகும் பழக்கத்தில் சைக்கிளின் சீட்டில் கைவைத்தான். ஈரம் இன்னும் காயவில்லை. மேலே வெள்ளைப் பலகையில் இன்னும் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. காலை வெயிலில் ஹேண்டில்பாரின் நிழல் மட்டும் அதன் கீழ் ஓரத்தில் ஏறியிருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.