ஷாமிளாவுக்குத் தெரியக் கூடாது

குமாரவேல் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். கென்யாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருப்பவன், வெகு காலத்துக்குப் பிறகு மனைவி ஷாமிளாவோடு இலங்கைக்கு, தெரணியகலைத் தோட்டத்து வீட்டுக்கு லீவில் வந்திருந்தான். வந்த நாளிலிருந்து கென்யாப் பறவைகளைப் பற்றியே பேச்சு. அங்கே லீவு நாளென்றால் குடும்பம் குடும்பமாக ஜீப்பில் ஏறி, ரோடே இல்லாத புல்வெளியில் இறங்கி, தீக்கோழியையும் பூநாரையையும் பார்த்துவிட்டு வருவார்களாம்.

"நம்ம மலையில இல்லாத குருவியா? ஒரு நாளாவது குடும்பமாப் போய்ப் பாத்திருக்கோமா?" என்று கேட்டவன், யாருடைய பதிலுக்கும் காத்திராமல் ஜீப்புக்குச் சொல்லிவிட்டான்.

அந்த ஜீப்பில் ஏறவே கூடாத ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவனுடைய தம்பி கிருஷ்ணராஜின் மனைவி கலைச்செல்வி. அவளுக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. பஸ்ஸில்கூடக் குலுங்கிப் போக வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

விஷயம் வீட்டில் அவளுக்கும் கிருஷ்ணராஜுக்கும் மாமியார் இராஜத்துக்கும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதம் ஆகும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இராஜம் இப்படிக் கட்டிக் காத்ததற்குக் காரணம் மூத்த மருமகள் ஷாமிளா. கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. போன வருஷம் கலைச்செல்வி உண்டாகியிருந்தபோது, கென்யாவிலிருந்து வீடியோ கோலில், "எங்க, வயித்தக் காட்டு பாப்போம்" என்று ஆசையாகக் கேட்டாள். கலைச்செல்வியும் சிரித்துக்கொண்டே காட்டினாள். அந்தக் கிழமையே கரு கலைந்துபோயிற்று.

"அவ கெட்டவ இல்ல. ஆனா அவ கண்ணு அப்படி" என்று இராஜம் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கண்ணூறு கடல் தாண்டி, போனுக்குள்ளே புகுந்து வருமா என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. கலைச்செல்வி அதை நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

புறப்படும் அன்று தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள்.

"மலைக்காத்து பட்டாச் சரியாப் போயிரும்" என்றான் குமாரவேல்.

ஷாமிளா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வராட்டி நானும் போகல. ஒன்ன விட்டுட்டு நான் எந்தக் குருவியப் பாக்க?"

இராஜம் கலைச்செல்வியை அடுப்படிக்கு இழுத்து, காதோடு சொன்னாள்: "ரொம்ப மறுக்காத, அவளுக்குச் சந்தேகம் வந்துரும். முன் சீட்டுல ஒக்காந்துக்க. மெதுவாத்தான் போகும்."

அந்த யோசனையும் வாசலோடு முடிந்தது. பெற்ற தாயைப் பின்னால் குலுங்க விடலாமா என்று குமாரவேல் இராஜத்தைத்தான் முன் சீட்டில் ஏற்றி வைத்தான். இடம் மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். இராஜம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரப்பர் மலை தாண்டும்வரை தார் ரோடு. அதற்குமேல் காட்டோரம் போகும் பாதையை மழை அரித்துத் தின்றிருந்தது. கல்லில் ஏறிப் பள்ளத்தில் விழுந்து ஜீப் போயிற்று. கலைச்செல்வி மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, சீட்டில் அழுந்தாமல் பாதி எழும்பியபடியே வந்தாள். எதிரே இருந்த கிருஷ்ணராஜ் அவளைப் பார்ப்பான், பிறகு வெளியே பார்ப்பான். அவளுக்கு அவன் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றான் கடைசியில்.

"அங்க இதவிட மோசம்டா. குலுங்காமப் போனா என்ன ருசி?"

ஒரு பெரிய கல்லில் சக்கரம் ஏறி இறங்கியபோது கலைச்செல்விக்கு இடுப்பிலிருந்து ஒரு வலி கீழே இறங்கிற்று. போன வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. மாமியைப் பார்த்தாள். இராஜம் திரும்பி, பொறுத்துக்கொள் என்று கண்ணாலேயே சொன்னாள். பாதை மேலே இன்னும் கல்லும் கரடுமாகப் போயிற்று. கலைச்செல்வியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

தமிழில் சொன்னால் மாமியின் வார்த்தையை மீறியதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, வாயில் வந்தது சிங்களம்.

"மல்லி, நவத்தன்ன" என்று டிரைவரைத் தம்பி என்றழைத்து நிறுத்தச் சொன்னாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வலிக்கிறது என்பதையும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டாள். அந்த ஜீப்பில் சிங்களம் தெரியாதவர் ஒருவருமில்லை.

டிரைவர் சட்டென்று எஞ்சினை நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டு, நீல உடம்பும் சிவந்த அலகுமாக ஒரு கூட்டம் பறவைகள் பாதைக்கு மேலேயே வந்து இறங்கின. எதைத் தேடி வந்தார்களோ அதுதான். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று குமாரவேல் தம்பியிடம் கேட்டான். கிருஷ்ணராஜ் குனிந்துகொண்டான்.

முதலில் குதித்து இறங்கியவள் ஷாமிளாதான். "எறங்கு கலை. ஜீப்பு வேணாம், மெதுவா நடப்போம். தார் ரோட்டுல த்ரீவீலர் கெடைக்கும்" என்று தோளை அணைத்து இறக்கினாள். வழுக்கும் இடத்தில் தான் முன்னே கால் வைத்து, பிறகு அவளை வைக்கச் சொன்னாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

"எத்தன மாசம்?"

"ரெண்டு முடிஞ்சிருச்சுக்கா."

"தம்பிக்குத் தெரியும். மாமிக்குத் தெரியும். இப்ப டிரைவருக்கும் தெரியும்." ஷாமிளா பிடியைத் தளர்த்தவில்லை. "எனக்குத்தான் தெரியக் கூடாதா, கலை?"

கலைச்செல்வி குனிந்து, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஷாமிளா நின்றுவிட்டாள். "நான் உள்ள வரல. நீங்க போங்க" என்றாள். இராஜம் அவளை வற்புறுத்தவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், குழந்தையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது, படுத்து ஓய்வெடுத்தால் போதும் என்றார். கிருஷ்ணராஜ் அழுதுவிட்டான். கலைச்செல்விக்கு முதலில் நினைவு வந்தது வாசலில் நிற்பவள்தான். அவளிடம் இதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னே வெளியே வந்தாள்.

"அக்கா, ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

ஷாமிளாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து பட்டதையெல்லாம் அந்த நிமிஷம் மறந்துதான் போனாள். கண் நிறைய கலைச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை மெல்ல வயிற்றுக்கு இறங்கிற்று.

ஷாமிளாவைக் கட்டிக்கொள்ளத்தான் கலைச்செல்வி நெருங்கினாள். மனதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அவள் கை, அவளைக் கேட்காமலே, சால்வையை இழுத்து வயிற்றை மூடிவிட்டது.

ஷாமிளா அதைப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.