கம்பெனி எழுத்து

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சூசையப்பனின் அச்சகம். மகள் முத்துப்பேச்சியின் கல்யாணப் பத்திரிகைக்காக அங்கே போன மூக்கம்மாள் ஓர் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நெட்டுக் கோடு நல்ல தடிப்பு. குறுக்கே ஓடுவது தலைமுடி கனம்தான். நுனியில் ஊசிபோலச் சின்னப் பாதங்கள். படிக்கத் தெரியாது, ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். இலையின் நடுத்தண்டும் நரம்பும் மாதிரி இருக்கிறதென்று சொன்னாள்.

சூசையப்பனுக்குச் சந்தோஷம். அழுத்தினால் மெல்லிய கோடு உடைந்துவிடும் என்று நூறு உறையையும் பொறுமையாக அடித்துக் கொடுத்தார். மேலே மணமக்கள் பெயர் அந்த எழுத்தில். உள்ளே பத்திரிகை தமிழில். அழகு கெடுமே என்று மூக்கம்மாள் உறையில் மஞ்சள்கூடத் தடவவில்லை.

கொழுந்துக் காலம், லீவு கிடையாது. அதே எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் இருந்த சொந்தக்காரர்களின் உறைகளை எஸ்டேட் ஆபீஸ் தபால் பையில் போட்டுவிட்டாள்.

பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்திரிகை வந்ததா என்று வாய்விட்டுக் கேட்பது மரியாதையில்லை. நேரில் போய் வெற்றிலை வைக்காதது குற்றமோ? கல்யாணப் பந்தலில் ஆளே இருக்காதோ? மாரியம்மனுக்கு விளக்கேற்றிக் கேட்டாள். அப்போதும் குழப்பம் தீரவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், கீழ் டிவிஷனிலிருந்து அவளுடைய அண்ணன் கருத்தப்பாண்டி அரிசி மூட்டையோடு வந்தான். வாசலிலேயே இறக்கி வைத்தான்.

“கல்யாணத்தன்னைக்கு நாங்க லயத்து வீட்டுல இருப்பமோ என்னமோ. அதான் தாய்மாமன் அரிசிய இப்பமே கொண்டாந்துட்டேன். பத்திரிகை அனுப்பலைன்னு எனக்கு வருத்தமில்ல தங்கச்சி.”

மூக்கம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டாள். அவன் சட்டைக்குள்ளிருந்து பிரிக்காத உறை ஒன்றை எடுத்தான். போன வருஷம் ஏழு குடும்பத்தை வேலையைவிட்டு நிறுத்திய கம்பெனிக் கடிதத்தின் தலைப்பும் இதே எழுத்துத்தான் என்றான். பிரித்தால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும், தான் வரும்வரை தொடக்கூடாதென்று அப்போதே யூனியன்காரர் சொல்லிவைத்திருந்தாராம். மற்ற வீடுகளிலும் அப்படித்தான்; தன் வீட்டுக்கு மட்டும் வந்ததென்று நினைத்து அவமானத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மூக்கம்மாள் அந்த மெல்லிய கோடுகளையே பார்த்தாள்.

“அண்ணே, அது எம் மக பேரு. பிரிச்சுப் பாரு.”

அவன் மாட்டேனென்றான். அவளே பிரித்துக் காட்டினாள். பிள்ளையார் படத்தைப் பார்த்த பிறகும் அவன் முகம் தெளியவில்லை.

“அப்ப கம்பெனி லெட்டரு எப்ப வரும்?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் அடுப்பு அணையப்போகிறதென்று நம்பியவன் அவள் வீட்டு உலைக்கு அரிசி சுமந்து வந்திருக்கிறான். சாமி எந்த வழியாக வருமென்று யாருக்குத் தெரியும்.

மறுநாள் வேலை விட்டதும் மஞ்சள் கிண்ணத்தோடு கீழ் டிவிஷனுக்கு இறங்கினாள். வீடுவீடாக உறையை வாங்கி, நாலு மூலையிலும் நடுவிலும் விரலால் அழுத்தித் தடவினாள். மெல்லிய கோடுகளெல்லாம் மஞ்சளில் மறைந்தன.