துர்சினுக்கு வைத்த ஆட்டுத்தலை

ஆரல் கடலில் மார்ச் மாதப் பனிக்கட்டியை நம்பிக் கால் வைப்பவன் முட்டாள். மீன்பிடிக் குழுவின் மேஸ்திரி ஒரின்பாய்க்கும் அது தெரியும். ஆனால் பனிக்கு அடியில் குழுவின் வலைகள் எல்லாம் கிடந்தன. பனி உடைவதற்குள் யாராவது இறங்கி எடுத்தாக வேண்டும்; அவை போனால் அடுத்த குளிர்காலத்தில் ஊரே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். அந்த வித்தையில் மேஸ்திரி பலே கெட்டிக்காரர். குழுவில் அவருக்குக் கீழே மூன்று பேர். ஜரில்காப்பைச் சீண்டினால் போதும், ரோஷத்தில் கடலையே இழுத்து வருவான். மொல்தாஷுக்குப் புதுப் படகு ஆசை. ஆனால் இந்தத் தடவை இரண்டும் பலிக்கவில்லை.

"என்னப்பா ஜரில்காப், மாமியார் கம்பளம் ரொம்ப மெத்துன்னு இருக்கோ?"

"ஆமாண்ணே, பனிக்கு அடியில அவ்வளவு மெத்துன்னு இருக்காதாம்."

மிச்சம் இருந்தவன் துர்சின். திட்டினாலும் சிரிப்பான், ஆசை காட்டினாலும் சிரிப்பான். சிறு வயதிலேயே அப்பனைப் பறிகொடுத்து, சித்தப்பன் வீட்டில் மிச்சம் மீதி தின்று வளர்ந்தவன். நாற்பது வயதாகியும் விருந்தென்றால் கதவோரம்தான் உட்காருவான். மேஸ்திரி அதை நெடுநாளாகக் கவனித்து வைத்திருந்தார்.

அன்று மாலை குடிசையில் ஆடு வெந்தது. அந்த ஊர் விருந்தில் ஆட்டுத்தலைதான் பெரிய மரியாதை; அது மூத்தவருக்குப் போக வேண்டும். மேஸ்திரி தட்டைத் திருப்பி, கதவோரம் இருந்த துர்சினின் முன் வைத்தார்.

"இது உனக்குத்தான் தம்பி."

 தலையைப் பெற்றவர் செய்யும் முறைப்படி துர்சின் அதன் காதை அறுத்து, இளையவனான மொல்தாஷிடம் நீட்டினான். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னான்.

"காலையில நான் முன்னால போறேண்ணே."

அவன் முன்னால் போனதும் மற்ற இருவரும் வெட்கப்பட்டுப் பின்னால் போனார்கள். பாதி வலைகள் ஏறியபோது பனிக்கட்டி பிளந்தது. இரண்டு பேர் தவழ்ந்து கரை சேர்ந்தார்கள். துர்சின் சேரவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டில் ஆட்கள் கூடினார்கள். உடல் கிடைக்காததால் தோண்டிய குழி காலியாகக் கிடந்தது.

"பனி முழுசா உருகட்டும். கடலே கொண்டாந்து போடும்," என்றார் மேஸ்திரி.

துர்சினின் மனைவி கனிபா தட்டோடு உள்ளே வந்தாள். ஆட்டுத்தலையை அவர் முன் வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே."

"எனக்கெதுக்குத் தங்கச்சி..."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'கனிபா, எனக்குத் தலை வச்சாங்க'ன்னு மூணு தடவை சொன்னாரு. சின்னப்புள்ள மாதிரி. எங்கிட்ட இருந்த கடைசி ஆடு இதுதான். அவருக்கு நீங்க செஞ்ச மரியாதை, உங்களுக்கும் இருக்கட்டும்."

 எல்லார் கண்ணும் ஒரின்பாய் மேல்.  தன் மானம் ஊர் நடுவே போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவரை வாழ்நாளெல்லாம் ஓட்டிய கோல். அதை இவள் எப்போது கண்டுபிடித்தாள்?

காதை அறுத்து மொல்தாஷிடம் நீட்டினார். அவன் கை நீட்டவில்லை.

விடிந்ததும் இடுப்பில் கயிறு கட்டி, பனிக்கடப்பாரையோடு துர்சினைத் தேடி இறங்கினார். பத்தடி போனதும் காலடியில் பனி முனகியது. திரும்பிப் பார்த்தார். கரையில் கனிபா நின்றிருந்தாள்.

"முன்னால போங்கண்ணே," என்றாள்.