சுண்ணாம்பு காட்டிய கோடு

ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்தது வேலுசாமியின் வீடு. காப்பித் தோட்டக்காரர் தங்கசாமியின் காரை அவன் ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிவானது. கல்யாணத்துக்குள் காரின் சக்கரங்கள் நான்கும் புதுசாக மின்ன வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்க வேலுசாமிக்கு மனம் வரவில்லை. காரைச் சேலத்துக் கொட்டகையில் கல்முட்டு வைத்து நிறுத்திவிட்டு, டயர்களைக் கழற்றி, நான்கு இரும்புச் சக்கரங்களையும் மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

பழைய பெயின்ட் லேசில் விடுவதாக இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அவன் விரல்நுனிதான் தேய்ந்தது. அவன் மனைவி உண்ணாமலை கல்யாணத்துக்கு முன்பு சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் களியாகக் குழைத்துச் சக்கரங்களின்மேல் அப்பினாள். மறுநாள் காலையில் கொட்டாங்கச்சியால் வழித்தபோது கறுப்பு பெயின்ட் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அடியில் ஒரு பச்சை. அதற்கும் அடியில் வெள்ளை வெளேரென்று இரும்பு.

துரு ஏறாமலிருக்கச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்தாள். ஒரு சக்கரத்தின் நடுப்பகுதியில் மட்டும் இன்னும் திட்டுத்திட்டாகப் பச்சை ஒட்டியிருந்தது. அங்கே மறுபடி சுண்ணாம்பைப் பூசி வெயிலில் வைத்தாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

வேலுசாமி குனிந்து பார்த்தான். காய்ந்து வெளுத்த சுண்ணாம்பின்மேல் ஒரு கறுப்புக் கோடு.

"தலைமுடி ஒட்டியிருக்குது."

"முடி இல்லீங்க. தொடச்சுட்டுப் பூசினேன், மறுபடியும் வந்துருச்சு. உள்ளுக்குள்ள போன சீமெண்ணெய் வெளிய கசியுதுங்க."

அவன் துணியால் துடைத்தான். இரும்பு மட்டும்தான் தெரிந்தது, கோட்டைக் காணோம். அவளே மறுபடி பூசினாள். சுண்ணாம்பு காய்ந்துகொண்டே வர, ஒரு போல்ட்டுத் துளையிலிருந்து கோடு மெல்லக் கிளம்பி, அடுத்த துளையைத் தொட்டு, அதற்கடுத்ததையும் தொட்டு வளைந்தது. விரிசல் ஐந்து துளைகளையும் கோத்துவிட்டிருந்தது. கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் நடுவில் விரியாமல் மிச்சமிருந்தது இரண்டு விரல் அகலம்.

வேலுசாமி ஸ்பானரை எடுத்து மற்ற மூன்று சக்கரங்களையும் தட்டினான். கோயில் மணிபோல ஒலித்தன. இதைத் தட்டியபோது ஓட்டைப் பானையின் சத்தம்.

ஸ்பானரைக் கீழே வைத்தான். போன வெள்ளிக்கிழமைதான் தங்கசாமியின் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். ஒவ்வொரு வளைவிலும் சின்னவள் கைதட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். சிரிப்பைக் கேட்கும் ஆசையில் அவனும் இன்னும் கொஞ்சம் வேகமாகத் திருப்பினான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரியும் பள்ளம். அத்தனை பேரையும் அன்றைக்குத் தாங்கி வந்தது இந்த இரண்டு விரல் இரும்பு.

"நாலு உசுரு புள்ள," என்றான். உண்ணாமலை தன் இரண்டு விரல்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். விரல்களே மறைத்துவிட்டன.

சேதி கேட்டு மதியம் தங்கசாமி ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறலுக்காடா இத்தனை கலவரம்? பெயின்ட்டை அடி. வெள்ளிக்கெழமை மாப்பிள்ளை அழைப்பு."

ஆறு வருஷத்தில் வேலுசாமி அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "எசமானுங்க, பொறுக்கோணும். இதுல பெயின்ட்டு அடிக்கச் சொன்னா அடிச்சுப்போடறேன். பாப்பாவை இதுல ஏத்தி ஓட்ட மட்டும் என்னால ஆகாதுங்க. ஒரு அடி அடிச்சுப் பார்க்க உத்தரவு குடுங்க."

"அடி, பார்க்கலாம்."

இரண்டு கற்களின்மேல் சக்கரத்தைப் படுக்க வைத்து, சம்மட்டியைத் தோளுயரத்துக்குத் தூக்கி நடுவில் ஒரே போடு போட்டான். பெரிய சத்தம்கூட இல்லை. தட்டு கழன்று விழுவதுபோல நடுப்பகுதி தனியே மண்ணில் விழுந்தது. ரிம் வெறும் வளையமாகக் கற்களின்மேல் கிடந்தது.

தங்கசாமி அந்த வளையத்தின் வழியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெள்ளை வேட்டியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். உடைந்த ஓரத்தைத் தடவினார். முக்கால்வாசி பழைய துரு; பளபளவென்று புதிதாக முறிந்திருந்தது இரண்டு விரல் அகலம் மட்டும்தான்.

"சின்னவ வண்டியில சிரிச்சுக்கிட்டே வந்தாளாமே வேலுசாமி," என்றார். பிறகு உண்ணாமலையின் பக்கம் திரும்பினார். "இதை எப்படியம்மா கண்டுபிடிச்ச?"

"நான் எங்கீங்க கண்டுபிடிச்சேன். பச்சை போகலையேன்னு பூசினேன். அது தானா வந்து நின்னுச்சுங்க."

அவர் எழுந்து அவளைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் பதறிப்போய் விலகி நின்றாள்.

புதுச் சக்கரம் ஒன்று திருச்சியிலிருந்து ரயிலில் வந்தது. நான்குக்கும் சந்தன நிறத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே, உண்ணாமலை நான்கிலும் சீமெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்பு பூசினாள். புருஷனும் பெண்டாட்டியும் வெயிலில் குத்தவைத்து அது காய்வதையே பார்த்தார்கள். சுண்ணாம்பு வெளுத்துக்கொண்டே போனது. ஒரு கோடும் வரவில்லை.